ஷவர் சுடவில்லை, ட்ரிப் விழுகிறது: எதை முதலில் பார்ப்பது?

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்டதும் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். "தம்பி, ஷவர் பழுதாகிவிட்டது." என்ன செய்கிறது என்று கேட்டால், "வேலை செய்யவில்லை" என்பார்கள். வேலை செய்யாமல் இருப்பதில் ஏழெட்டு வகை உண்டு. எந்த வகை என்று சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மட்டக்களப்பில் சுடுநீர் ஷவருக்கு உழைப்பு மாரியில் மட்டும்தான். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை, கூரைமேல் கறுப்புத் தாங்கியில் கிடக்கும் தண்ணீரே மத்தியானத்தில் தோலைச் சுடும். ஹீற்றரை யார் போடுவார்கள்? ஏழெட்டு மாதம் உப்புக் காற்றில் சும்மா தொங்கிய கருவியை, ஒரு மழை இரவில் கைக்குழந்தைக்கு என்றோ மூட்டுவலிக்கார அம்மம்மாவுக்கு என்றோ திடீரென்று போடும்போதுதான் அதன் குணம் தெரியவரும்.

நான் இருபது வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். பழுது என்று கூப்பிட்ட வீடுகள் பலவற்றில் ஷவரில் பிழையே இருக்கவில்லை. தாங்கியில் இருந்தது, சல்லடையில் இருந்தது, சுவிட்சின் பின்னால் இருந்தது, சில வீடுகளில் முற்றத்து மண்ணுக்குள் இருந்தது. ஆகவே புதிதாக ஒன்று வாங்க ஹாட்வெயார் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

ஒரு எல்லையை முதலிலேயே போட்டுவிடுகிறேன். ஷவரின் பிளாஸ்டிக் மூடிக்கு வெளியே இருப்பதை நீங்கள் பார்க்கலாம்: தாங்கி, வால்வு, குழாய், சல்லடை, கைப்பிடித் தலை, வீட்டின் மின்சாரப் போர்டில் எந்தச் சுவிட்ச் விழுந்திருக்கிறது என்பது. மூடிக்கு உள்ளே இருப்பது வயரிங் படித்தவர் வேலை. வெளியே கைவைப்பதானாலும் போர்டில் ஷவரின் பிரேக்கரை, அதாவது அதற்குரிய காப்புச் சுவிட்சை, இறக்கிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். சுவர்ச் சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை மனதில் படம் போட்டுக்கொண்டால் அறிகுறிகள் எளிதில் விளங்கும். குளிர்ந்த தண்ணீர் அடியில் ஒரு சிறு சல்லடை வழியாக நுழைகிறது. அடுத்து நீரோட்டச் சுவிட்ச்: தண்ணீர் போதிய வேகத்தில் ஓடினால்தான் அது மின்சாரத்தை உள்ளே விடும். பிறகு தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் இருக்கும் சிறிய கலன். சூடு மிஞ்சினால் இணைப்பை வெட்ட ஒரு வெப்பக் கட்டுப்பாடு. அதையும் மீறினால் முழுவதுமாக நிறுத்த ஒரு வெப்பத் தடுப்பு. இவ்வளவுதான். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் கிலோவாட் எத்தனை என்று போட்டிருக்கும். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 3.5 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 15 அம்பியர் இழுக்கும். 4.5 என்றால் 20 அம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. 5.5 என்றால் 24 அம்பியர். வீட்டில் வேறெந்தக் கருவியும் இந்த அளவுக்கு இழுப்பதில்லை.

குளிக்கும்போது 'சுர்' என்று அடிக்கிறது

வரிசையில் இதுதான் முதலில் வர வேண்டும். தண்ணீர் படும்போதோ குழாய்த் திருகைத் தொடும்போதோ எறும்பு கடிக்கிற மாதிரிச் 'சுர்' என்றால், அந்த நிமிடமே தண்ணீரை விட்டு விலகி வெளியே வாருங்கள். போர்டுக்குப் போய் பிரேக்கரை இறக்குங்கள். "இன்னொரு முறை தொட்டுப் பார்ப்போம், உண்மையாகவே அடிக்கிறதா" என்று சோதிக்கும் வேலை வேண்டாம். ஈர உடம்போடு செய்கிற சோதனை அது.

இந்தக் கட்டத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று: "கரண்ட் கசிந்தால் ட்ரிப் விழுந்திருக்க வேண்டுமே?" விழாமலும் இருக்கலாம். கசிவைக் கண்டால் மின்சாரத்தை வெட்டுவதற்கு வீடுகளில் பூட்டும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியருக்கு உரியது. அந்த அளவு கசிந்தால் அது விழுந்தே ஆக வேண்டும். 15க்கும் 30க்கும் இடையில் விழலாம், விழாமலும் விடலாம். ஆனால் மனித உடம்புக்கு ஒரு மில்லி அம்பியரே தெரியும். பத்து மில்லி அம்பியர் அளவில் பிடித்த கையை விட முடியாமல் போகலாம். ஆகவே ட்ரிப் அசையாமல் இருக்க, நீங்கள் துடிப்பதற்கு இடம் உண்டு. அந்த இடைவெளியை அடைப்பது எர்த் வயர். அது ஒழுங்காக இருந்தால் கசிவு உங்கள் உடம்பைத் தேடாமல் மண்ணுக்குப் போய்விடும், கசிவு கூடியதும் நீங்கள் தொடுவதற்கு முன்பே ட்ரிப் விழுந்துவிடும்.

கல்லடிப் பக்கம் ஒரு வீடு. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணல் முற்றம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எதையும் முறைப்படி செய்பவர். மாதம் தவறாமல் ட்ரிப்பின் டெஸ்ட் பொத்தானை அழுத்துவார்; 'டக்' என்று விழும். அப்படியிருந்தும் மருமகளுக்கு ஷவரில் 'சுர்' என்று அடித்திருக்கிறது. அவரால் நம்பவே முடியவில்லை. நான் போர்டிலிருந்து எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே சுவரோரமாக நடந்தேன். பச்சை வயர் சுவரைவிட்டு இறங்கி, புதிதாகக் கட்டிய பூச்சட்டித் திண்ணைக்குள் நுழைந்தது. மறுபக்கம் வெளியே வரவில்லை. திண்ணை கட்டிய மேசன் அதை இடைஞ்சல் என்று வெட்டி, மேலே சீமெந்து பூசிவிட்டார். அந்த வயர் சேர வேண்டிய எர்த் கம்பி மூன்று அடி தள்ளி மணலுக்குள் தனியாக நின்றுகொண்டிருந்தது.

டெஸ்ட் பொத்தான் காட்டுவது ட்ரிப் சுவிட்சின் உடல்நலத்தை மட்டும். எர்த் கம்பி மண்ணில் இருக்கிறதா, வயர் அதோடு சேர்ந்திருக்கிறதா என்பதற்கும் அந்தப் பொத்தானுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துவது நல்லது. அதோடு முற்றத்தில் இறங்கி, எர்த் கம்பியின் தலையில் வயர் இறுக்கமாக இருக்கிறதா, பச்சை பூத்து உதிர்ந்துவிட்டதா என்று வருடத்துக்கு ஒருமுறை கண்ணால் பாருங்கள். நம் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எர்த் கம்பிதான் வழக்கம். பக்கத்து வீட்டுக் கம்பி உங்களைக் காப்பாற்றாது. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மணல் காய்ந்து எர்த்தின் தடை ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள். அளக்கச் சொல்வதானால் ஆடி, ஆவணியில் அளக்கச் சொல்லுங்கள். மழையில் எடுக்கும் அளவு எல்லோருக்கும் நன்றாகத்தான் வரும்.

ட்ரிப் சுவிட்சே இல்லாத பழைய வீடு என்றால் அதில் ஷவர் பூட்டக்கூடாது. இதில் பேரம் இல்லை.

ட்ரிப் விழுகிறது

தொலைபேசியில் நான் கேட்கும் முதல் கேள்வி, "எது விழுந்தது?" போர்டில் இரண்டு வகை இருக்கும். அகலமாக, டெஸ்ட் பொத்தானோடு இருப்பது கசிவைப் பார்க்கும் ட்ரிப். பக்கத்தில் வரிசையாக ஒல்லியாக நிற்பவை பிரேக்கர்கள். அவை அளவுக்கு மிஞ்சிய சுமையையும் ஷார்ட்டையும் பார்க்கும். மக்கள் இரண்டையும் 'ட்ரிப்' என்றே சொல்வதால் நோய் மாறிப்போகிறது.

ஒல்லிப் பிரேக்கர், போட்ட கையோடு விழுந்தால் உள்ளே ஷார்ட். திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஒல்லிப் பிரேக்கர் ஐந்து பத்து நிமிடம் பொறுத்து விழுந்தால் கதை வேறு. சுமைக்குப் பிரேக்கர் சிறிதாக இருக்கலாம், அல்லது அதன் திருகாணி தளர்ந்து சூடேறலாம். 3.5 கிலோவாட் ஷவரை 16 அம்பியர் பிரேக்கரில் போட்டிருந்தால், வெயில் படும் சுவரில் உள்ள போர்டுக்குள் அது இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். 20 அம்பியர் போடலாம். ஆனால் இங்கேதான் ஒரு கெட்ட வைத்தியம் நடக்கிறது: பிரேக்கரைப் பெரிதாக்கிவிட்டு வயரை அப்படியே விட்டுவிடுவது. வயரைக் காப்பதற்குத்தான் பிரேக்கர். 3.5 கிலோவாட்டுக்கும் 4.5 கிலோவாட்டுக்கும் நான் 7/0.85 வயர், அதாவது 4 சதுர மில்லிமீற்றர் இழுப்பேன். 5.5 என்றால் 7/1.04, அதாவது 6 சதுர மில்லிமீற்றர், 32 அம்பியர் பிரேக்கர். பிளக் பொயிண்டுகளுக்கு இழுத்த பழைய வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து ஷவருக்குக் கொடுத்திருந்தால், பிரேக்கர் விழுவதற்காகச் சந்தோஷப்படுங்கள்.

வீட்டு இணைப்பே 30 அம்பியர் என்றால் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். 5.5 கிலோவாட் ஷவர் 24 அம்பியர். அதே நேரம் குசினியில் 2 கிலோவாட் கேத்தல் கொதித்தால் மேலும் 9. எல்லை கடந்தாயிற்று. ஷவரில் பிழை இல்லை. தேநீர் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

இனி அகலமான ட்ரிப். இது விழுந்தால் எங்கோ கசிவு. எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். சுவர்ச் சுவிட்சைப் போட்டதும் விழுந்தால், பெரும்பாலும் மூடிக்குள் ஈரம் அல்லது எலிமென்ட்டின் உறை வெடித்திருக்கிறது. சுட ஆரம்பித்து ஒரு நிமிடம் கழித்து விழுந்தாலும் எலிமென்ட்டைத்தான் சந்தேகிப்பேன்: குளிரில் மூடியிருக்கும் நுண்ணிய வெடிப்பு சூட்டில் திறக்கும். மாதக்கணக்கில் போடாத ஷவர் முதல் நாள் விழுத்துவதும் இதே இனம்; எலிமென்ட்டின் முனைகளில் ஈரம் ஏறியிருக்கும். சாதாரண மல்டிமீற்றர் இதைக் காட்டிக்கொடுக்காது. வருபவரிடம் 500 வோல்ட்டில் கசிவைச் சோதிக்கும் மெகர் இருக்கிறதா என்று கேளுங்கள். மல்டிமீற்றரால் ஒன்று மட்டும் பார்க்கலாம்: 3.5 கிலோவாட் எலிமென்ட்டின் இரு முனைகளுக்கிடையே ஏறக்குறைய 15 ஓம் காட்ட வேண்டும்.

சுவர்ச் சுவிட்சை நிறுத்தியும் ட்ரிப் விழுவது இன்னொரு வகை. இதில் ஏமாறாத ஆள் இல்லை. ஆரையம்பதியில் ஒரு வீட்டில் கிரைண்டரைப் போட்டால் ட்ரிப் விழுகிறது என்று கிரைண்டரை மாற்றினார்கள். புதியதைப் போட்டாலும் விழுந்தது. குளிர்சாதனப் பெட்டி ஓடத் தொடங்கும்போதும் சில நேரம் விழுந்தது. ஷவரை யாரும் சந்தேகிக்கவில்லை, அது ஆறு மாதமாக நிறுத்தித்தான் இருந்தது. உண்மையில் ஷவருக்குப் போட்டிருந்தது சாதாரண ஒற்றைத் துருவச் சுவிட்ச். அது மின்சாரம் வரும் வயரான லைவை மட்டும் வெட்டும். திரும்பிப் போகும் வயரான நியூட்ரல் எப்போதும் தொடுத்தபடியே இருக்கும். எலிமென்ட்டின் நியூட்ரல் முனை எர்த்தோடு ஒட்டிவிட்டால், வீட்டில் வேறு எந்தக் கருவி ஓடினாலும் அதன் மின்சாரத்தில் ஒரு பங்கு ஷவர் வழியாக மண்ணுக்குப் பாதை கண்டுபிடிக்கும். போவதும் வருவதும் சமமில்லை என்று ட்ரிப் விழும். கிரைண்டர் பாவம், எதுவும் செய்யவில்லை.

ஆகவே ஷவருக்கு இரண்டு துருவத்தையும் வெட்டும் டபுள் போல் சுவிட்ச்தான் போட வேண்டும், அதுவும் குளியலறைக்கு வெளியே. அந்தச் சுவிட்ச் இருக்கும் வீட்டில் சோதனை எளிது: அதை நிறுத்துங்கள், ட்ரிப்பை ஏற்றுங்கள். நின்றால் பிழை ஷவரில். நிற்காவிட்டால் வேறெங்கோ. ஒல்லிப் பிரேக்கர்களை எல்லாம் இறக்கி, ட்ரிப்பை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எந்தப் பகுதி என்று தெரியும். ஒல்லிப் பிரேக்கரும் பொதுவாக லைவை மட்டுமே வெட்டுவதால் நியூட்ரல் கசிவு அந்தச் சோதனையில் தப்பிவிடலாம் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

ட்ரிப் விழுகிறது என்று ஷவரின் எர்த் வயரைக் கழற்றிவிட்டு, "இப்போது சரி, விழவில்லை" என்று சொல்லிப் போன ஒருவரின் கைவேலையையும் பார்த்திருக்கிறேன். நெருப்பு மணி அடிக்கிறது என்று மணியைக் கழற்றுவது போன்ற வேலை.

விளக்கே எரியவில்லை

போர்டைப் பாருங்கள். எதுவும் விழாமல் நிற்கிறது, சுவர்ச் சுவிட்சின் சிவப்பு விளக்கும் எரியவில்லை என்றால், மின்சாரம் சுவிட்ச்வரை வரவில்லை அல்லது சுவிட்ச் செத்துவிட்டது. சுவிட்சில் எரிகிறது, ஷவரில் மட்டும் எரியவில்லை என்றால் இடையில் ஒரு முனை கழன்றிருக்கும். சிற்றெறும்புக்கும் பல்லிக்கும் சுவிட்ச்ப் பெட்டி நல்ல குடித்தனம். கருகிய பல்லியை நான் குறட்டால் எடுத்தது ஒருமுறை இருமுறை இல்லை. வயரிங் ஆளுக்கு அரைமணி நேர வேலை. நீங்கள் திறக்க வேண்டாம்.

விளக்கு எரிகிறது, தண்ணீர் வருகிறது, சுடவில்லை

மாரியில் வரும் அழைப்புகளில் இதற்குத்தான் முதலிடம். இதில் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். நீரோட்டச் சுவிட்சுக்கு வேண்டிய வேகம் கிடைக்காவிட்டால் ஷவர் சுடாமல் சும்மா இருக்கும். அது பழுதல்ல, பாதுகாப்பு.

ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்று எடுங்கள். ஷவரை முழுதாகத் திறந்து, தலையிலிருந்து வரும் தண்ணீரைப் புனல் வைத்துப் போத்தலில் பிடியுங்கள். போத்தல் நிறைவதற்கு 30 விநாடி என்றால் நிமிடத்துக்கு 3 லீற்றர். 45 விநாடி என்றால் 2 லீற்றர். பல கருவிகள் இந்த எல்லையில்தான் போடவா வேண்டாமா என்று தடுமாறும். ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம், தண்ணீர்தான் காரணம்.

அடுத்து, கைப்பிடித் தலையைக் கழற்றிவிட்டு வெறும் ஹோஸிலிருந்து அதே போத்தலைப் பிடியுங்கள். வேகம் கூடினால் தலையின் துளைகள் அடைத்திருக்கின்றன. தலையை ஒரு பாத்திரத்தில் வினாகிரி ஊற்றி இரவு முழுக்கப் போட்டுவையுங்கள். காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் வெள்ளைப் பொருக்கு கழன்று வரும். கழிவறை கழுவும் அசிட்டை இதற்கு எடுக்கக்கூடாது. வினாகிரியையும் ஷவர் கலனுக்குள் ஊற்றக்கூடாது.

தலையைக் கழற்றியும் வேகம் கூடவில்லை என்றால் சல்லடை. பிரேக்கரை இறக்குங்கள், ஷவருக்கு வரும் வால்வை மூடுங்கள். அடியில் நீர் நுழையும் இடத்து நட்டைத் திருக்குறடால் கழற்றும்போது இன்னொரு கையால் ஷவர் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் மரை முறிந்தால் செலவு இரட்டிப்பு. உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வட்ட வலை இருக்கும். ஊக்கு முனையால் மெதுவாக நெம்பி எடுங்கள். உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், அது உங்கள் தண்ணீரின் சாதகத்தைச் சொல்லும். வெள்ளைக் குறுணி என்றால் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. செம்பழுப்புக் களி என்றால் இரும்பு. மணல் என்றால் தாங்கி அடியில் மண்டி கிடக்கிறது. மழை வெள்ளத்துக்குப் பிறகு கிணறு கலங்கிய வீடுகளில் இதுதான் கூடுதல். பச்சைப் பாசி என்றால் தாங்கியின் மூடி சரியாக மூடவில்லை, வெளிச்சம் போகிறது. சில வேளை இவை எதுவுமே இல்லாமல், குழாய் பொருத்தியவர் மரையில் சுற்றிய வெள்ளை டேப்பின் துண்டு ஒன்று சுருண்டு அடைத்துக்கொண்டு கிடக்கும். கழுவித் திரும்பப் போடுங்கள். "இது இல்லாவிட்டால் தண்ணீர் நன்றாக வருகிறதே" என்று வலையை எறிந்துவிடாதீர்கள். அடுத்த மணல் நீரோட்டச் சுவிட்சுக்குள் போய் உட்காரும்.

சல்லடையும் சுத்தம் என்றால் கூரைக்கு ஏறுங்கள். தாங்கி கழுவியபோது பாதி மூடிய கேட் வால்வை அப்படியே விட்டிருப்பார்கள். தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும். இவை இல்லாவிட்டால் உயரம். தாங்கியின் தண்ணீருக்கும் ஷவர் தலைக்கும் இடையே ஒரு மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். குளியலறையின் தட்டைக் கூரையில் நேரே தாங்கியை வைத்துவிட்டு, 0.3 பார் கேட்கும் ஷவரை வாங்கி மாட்டினால் அது வாழ்நாளில் சுடாது. தாங்கியை இரும்புச் சட்டத்தில் ஏற்றி உயர்த்துங்கள், அல்லது பம்ப் உள்ள ஷவர் வாங்குங்கள். வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் எத்தனை என்று பாருங்கள்.

போத்தல் 30 விநாடியில் நிறைகிறது, ஆனாலும் துளி சூடு இல்லை என்றால் இப்போதுதான் உள்ளுறுப்பு: எலிமென்ட் அறுந்திருக்கும், அல்லது வெப்பத் தடுப்பு விழுந்திருக்கும். வெப்பத் தடுப்பு அடிக்கடி விழுகிறது என்று அதற்குக் குறுக்கே ஒரு துண்டு வயர் போட்டு இணைக்கச் சொல்லாதீர்கள், செய்து தருவதாகச் சொல்பவரை வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

சுடுகிறது, குளிர்கிறது, மறுபடி சுடுகிறது

இது மேலே சொன்னதன் தம்பி. தண்ணீர் குறைவாக ஓடுவதால் கலனுக்குள் சூடு மிஞ்சுகிறது, வெப்பக் கட்டுப்பாடு வெட்டுகிறது, ஆறியதும் விடுகிறது. சூடு போதவில்லை என்று ஆட்கள் தண்ணீரை இன்னும் குறைப்பார்கள். வெட்டு இன்னும் கூடும். தண்ணீரைக் கூட்டி, சூட்டுத் திருகைக் குறையுங்கள். குசினியில் குழாயைத் திறக்கும்போது மட்டும் நடக்கிறதென்றால், ஒரே மெல்லிய குழாயிலிருந்து இரண்டும் பிரிகின்றன.

வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது

கொஞ்சம் கணக்கு. 3.5 கிலோவாட் ஷவர், நிமிடத்துக்கு 3 லீற்றர் ஓடினால் தண்ணீரை ஏறக்குறைய 17 பாகை ஏற்றும். 5 லீற்றர் ஓடினால் 10 பாகைதான். மாரியில் நம் தாங்கித் தண்ணீர் 26 பாகை என்று வைத்தால் முதலாவது 43, இரண்டாவது 36. பழுது என்று நினைத்தது பல வேளை தண்ணீரைக் கூடுதலாகத் திறந்ததுதான். நுவரெலியாவில் இதே கருவி போதாது, நமக்கு 3.5 தாராளம். அங்கே இருக்கும் மச்சான் 5.5 பூட்டியிருக்கிறார் என்பதற்காக இங்கே அதைப் பூட்டி வயரை வாட்டத் தேவையில்லை.

மாலை ஆறு ஏழு மணிக்கு மட்டும் சூடு குறைகிறதா? வோல்ட்டேஜ் இறங்குகிறது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் சூடு எட்டில் ஒரு பங்கு குறையும் என்று தோன்றும். அப்படியில்லை, கால்வாசி போய்விடும், ஏனென்றால் திறன் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும். ஷவரைப் போடுவதற்கு முன்பே மின்குமிழ்கள் மங்கியிருந்தால் மின்சாரம் தருபவர்களுக்குச் சொல்லுங்கள். ஷவரைப் போட்டதும் மங்கினால் பிழை உங்கள் வீட்டு வயரில்: மெல்லியதாக இருக்கும், அல்லது எங்கோ ஒரு முனை தளர்ந்திருக்கும்.

கருகிய மணம், சூடான சுவிட்ச்

மணம் வந்தால் குளியலை அரைகுறையாக விட்டுவிட்டு பிரேக்கரை இறக்குங்கள். சவர்க்காரத்தைப் பிறகு கழுவலாம்.

காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஷவரைச் சதுர ஊசி 13 அம்பியர் பிளக்கில் சொருகியிருப்பது. அந்தப் பிளக் 3 கிலோவாட்டுக்கு மேல் தாங்காது. 15 அம்பியர் தினமும் ஓடினால் பிளக்கின் வயிறு பழுப்பேறி, ஒருநாள் கழற்ற முடியாமல் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, தளர்ந்த திருகாணி. சூடேறி ஆறி, சூடேறி ஆறி முனைகள் தானாகவே நெகிழும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் செம்பு பச்சை பூத்து இது இன்னும் விரைவாக நடக்கும். பத்து நிமிடக் குளியலுக்குப் பிறகு, ஈரம் துடைத்த கையால் சுவிட்சின் முகத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அல்லது ஓரத்தில் தேநீர்க் கறை மாதிரி நிறம் மாறியிருந்தால், சுவிட்சை மாற்றி, கருகிய வயர் முனையை வெட்டிப் புதுச் செம்பில் இறுக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசியில், முனைகளை இறுக்கச் சொல்லி ஆளைக் கூப்பிடும் வீடுகள் எனக்கு இரண்டு மூன்று உண்டு. அந்த வீடுகளிலிருந்து இரவில் அழைப்பு வந்ததில்லை.

ஒழுகுகிறது

குழாயை மூடிய பிறகு தலையிலிருந்து கொஞ்ச நேரம் சொட்டினால் அது கலனில் மிஞ்சிய தண்ணீர், விடுங்கள். மூடியின் அடியிலிருந்து சொட்டினால் பிரேக்கரை இறக்குங்கள். தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரை வெளியே விடும் பாதுகாப்பு அடைப்பான் திறந்திருக்கலாம். அது ஏன் திறந்தது என்று தேடுங்கள். தலையும் ஹோஸும் அடைத்ததாலோ, அல்லது யாரோ வசதிக்காக வெளியேறும் பக்கத்தில் ஒரு சிறு வால்வு பூட்டியதாலோ உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். இந்த வகை ஷவரில் தண்ணீரை நிறுத்துவது உள்ளே நுழையும் பக்கத்தில் மட்டும். வெளியேறும் பாதை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்.

குழாயை மூடியும் நிற்கவில்லை

தண்ணீர் நின்ற பிறகும் விளக்கு எரிகிறது, உள்ளே கேத்தல் கொதிக்கிற மாதிரி 'ஸ்' என்று சத்தம் கேட்கிறது. நீரோட்டச் சுவிட்ச் மணலில் சிக்கி ஒட்டிக்கொண்டது, அல்லது உள்ளே தொடுமுனை உருகி ஒட்டிவிட்டது. வெப்பத் தடுப்பு காப்பாற்றும் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். பிரேக்கரை இறக்கிவிட்டு, தலையை உங்களிடமிருந்து விலக்கிச் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள். தண்ணீரை உடனே திறக்கவும் வேண்டாம். முதலில் வெளியேறுவது ஆவியும் கொதிநீரும்தான். அரைமணி நேரம் ஆறவிடுங்கள். ஆறிய பிறகு ஒருமுறை போட்டுப் பார்ப்போம் என்ற ஆசை வரும். பிரேக்கரின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, 'போட வேண்டாம்' என்று எழுதி வையுங்கள். வீட்டில் உங்களுக்குப் பிறகு குளிக்கப் போகிறவருக்கு இந்தக் கதை தெரியாது.